கூடி வாழ்வோர் யார்?

கீழ்நாட்டார் கூடி வாழும் இயல்பினர், மேல்நாட்டார் தன்னலம் ஒன்றே கருதித் தனித்து வாழ்வோர் என்னும் கூற்று நம்மவர் மேடைகளில் சலிப்பின்றி முழங்கும் ஒன்று. திருமண மண்டபத்திலும் கோயில் ஆண்டு விழாவிலும் இதனைச் சொல்லிக் கைதட்டல் பெறாத பேச்சாளர் அரியர். ஆராய்ச்சியாளரும் இதற்கு எண்கள் தந்துள்ளனர். டச்சுக்காரராகிய ஹாப்ஸ்டெட் என்பவர், ஐ.பி.எம். கம்பெனியின் பல நாட்டுக் கிளைகளில் வேலை செய்தோரிடம் வினாத்தாள்கள் கொடுத்து விடை பெற்று, தாம் வெளியிட்ட நூல்களில், எந்நாட்டில் தனிமனிதப் பற்று எவ்வளவு என்று புள்ளி இட்டார். அமெரிக்காவுக்கு 91, பிரிட்டனுக்கு 89, இந்தியாவுக்கு 48, மலேசியாவுக்கு 26, சிங்கப்பூருக்கு 20. தனிமனிதனுக்கு முன் சமுதாயம் என்பதைச் சிங்கப்பூர்ச் சர்க்கார் 1991-இல் வெள்ளை அறிக்கையொன்றின் வாயிலாக நாட்டின் பொதுப் பண்புகளுள் ஒன்றாக அறிவித்தது.

இப்புள்ளிகளோடு எனக்குப் பூசலில்லை. ஆயின் அவற்றை எடுத்தாளுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஹாப்ஸ்டெட் சொல்லும் கூட்டம் நாடன்று, சர்க்காருமன்று. பிறந்தது முதல் ஒருவனைத் தன்னுள் சேர்த்துக் காத்து, அதற்கு ஈடாக விசுவாசத்தைக் கேட்கும் உட்குழுவே அது. நம் வழக்கில் சொன்னால் வீடு, பங்காளி, சாதி. இந்தக் கூட்டத்திற்கு மதில் உண்டு. மதிலுக்கு அப்பால் இருப்பவனிடம் நாம் எவ்வாறு நடந்து கொள்கிறோம் என்பதைப் புள்ளிக் கணக்கு சொல்லாது.

வேறொரு கணக்கை எடுத்துப் பார்ப்போம். வயது முதிர்ந்து உழைக்கவியலாத தாய் தந்தையர்க்குச் சோறு போடுவது யார்? கீழ்நாட்டுப் பெருமை பேசுவோர் முதலில் எடுக்கும் எடுத்துக்காட்டு இதுவேயாதலால் இதனையே உரைகல்லாகக் கொள்வது முறை.

1995-இல் சிங்கப்பூரில் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. 60 வயதைக் கடந்து தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பெற்றோர், தம் பிள்ளைகள் மீது நியாய மன்றத்தில் வழக்கிட்டு மாதப் படி பெறலாம் என்பது அதன் சாரம். இந்தியாவும் 2007-இல் இத்தகைய சட்டம் செய்தது. கீழ்நாட்டுப் பண்பு சட்டமாகவே உருக்கொண்டது என்று சிலர் மகிழ்ந்தனர். இயல்பாகவே நடைபெறும் காரியத்துக்குச் சட்டம் எதற்கு என்று கேட்டவரும் உண்டு. இருசாராரும் காணாத செய்தி யாதெனில், இச்சட்டத்தின் மூத்த உடன்பிறப்பு இங்கிலாந்தில் இருந்தது என்பதே. எலிசபெத் அரசியின் காலத்தில், 1601-இல் செய்யப்பட்ட ஏழையர் சட்டம், வறிய பெற்றோரை வசதியுள்ள பிள்ளைகள் தாங்கியே தீர வேண்டும் என்று விதித்தது. அவ்விதி ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டு அந்நாட்டில் உயிரோடிருந்தது. தனிமனிதப் பற்றுக்கு 89 புள்ளி பெற்ற நாட்டில்தான் இது நடந்தது.

அவ்விதி எவ்வாறு ஒழிந்தது என்பதும் அறியத்தக்கது. 1908-இல் வந்த சட்டம் 70 வயதான வறியோர்க்கு வாரம் 5 ஷில்லிங் வரை பென்ஷன் தந்தது. பிறகு, இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்தபின், 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள், அந்நாட்டார் ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கினர். வேலை செய்வோர் யாவரும் வாரந்தோறும் ஒரே பொது நிதியில் பணம் கட்டினர். ஓய்வு பெற்ற தனியாள் ஒவ்வொருவரும் வாரம் 26 ஷில்லிங் பெற்றார். ஆண்களுக்கு 65 வயது, பெண்களுக்கு 60. பெறுபவர் இறக்கும் வரை அது நிற்பதில்லை. விரைவில் மாண்டவன் கட்டிய பணம் நீண்டநாள் வாழும் முன்பின் அறியாத கிழவிக்குப் போய்ச் சேரும். அதே நாளில், பெற்றோரைப் பிள்ளைகள் தாங்க வேண்டும் என்ற 1601-இன் கட்டளையும் நீங்கிற்று. பிள்ளையின் கடமையை நாடே தன் தோளில் ஏற்றிக்கொண்டது எனலாம்.

நிற்க. அதே பிரிட்டிஷார் மலாயாவில் என்ன செய்தனர்? மூன்றாண்டுகள் கழித்து, 1951-இல், ஊழியர் சேமநிதியை நிறுவினர். சிங்கப்பூரின் மத்திய சேமநிதி 1955-இல் நடைமுறைக்கு வந்தது. நிறுவப்பட்டபோது இவற்றில் பொதுப் பானை இருக்கவில்லை. ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனிக் கணக்கு. அவரவர் பணம் அவரவர்க்கே.

தோட்ட ஆபீசில் சம்பளப் பட்டியல் எழுதும் வேலையில் இருப்பவனாதலால் இக்கணக்கு எனக்கு மாதந்தோறும் பழக்கம். 2025-இல் உயர்த்தப்பட்ட குறைந்த சம்பளமாகிய 1,700 ரிங்கிட் வாங்கும் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் பங்கு நூற்றுக்கு 11 வீதம் 187 ரிங்கிட். முதலாளியின் பங்கு 13 வீதம் 221. ஆக 408 ரிங்கிட் அவர் பெயரில் ஏறும். அவருக்கு அடுத்த வரியில் இருப்பவர் பெயரில் வேறொரு தொகை ஏறும். இருவரும் ஒரே நிரையில் பக்கத்துப் பக்கத்து மரங்களைச் சீவினாலும், ஒரே லயத்தில் சுவரொட்டிக் குடியிருந்தாலும், ஒருவர் கணக்கிலிருந்து ஒரு காசும் மற்றவர் கணக்குக்குப் போவதில்லை. 55 வயதில் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்த பணம் மூன்றாண்டில் தீர்ந்தாலும் சரி, அவர் தொண்ணூறு வயது வரை வாழ்ந்தாலும் சரி, கணக்கு மூடப்பட்டது மூடப்பட்டதே. நோய்த் தொற்றுக் காலத்தில், 2020 முதல் 2022 வரை, மலேசியச் சேமநிதியிலிருந்து மக்கள் எடுத்துச் செலவிட்ட தொகை 14,500 கோடி ரிங்கிட். பசி வந்த வேளையில் தம் கிழப்பருவத்தையே அவர்கள் முன்கூட்டி உண்ண வேண்டியதாயிற்று.

ஆகவே, தனித்து வாழ்வோர் என்று நாம் இகழும் நாட்டார் தம் முதுமையைக் கூட்டாக வைத்துக்கொண்டனர். கூடி வாழ்வோர் என்று பெருமை பேசும் நாம் ஒவ்வொருவரும் தத்தம் முதுமையைத் தனிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம். இதனைக் கீழ்நாட்டு ஆன்மா என்றோ மேல்நாட்டு ஆன்மா என்றோ விளக்கிவிட முடியாது. இரண்டையும் அமைத்தவர் ஒரே சர்க்காரார். குடியேற்ற நாட்டில் கஜானாவுக்குச் சுமையாகாத ஏற்பாடு எதுவோ, அது இங்கே வந்தது. குடியேற்ற ஆட்சி போன பின்னும் அது நிலைத்தபோது, கீழ்நாட்டுக் குடும்பம் இருக்கப் பென்ஷன் எதற்கு என்ற நியாயம் அதற்குத் துணை சேர்க்கப்பட்டது.

மேல்நாட்டில் குறையே இல்லையென்று நான் வாதிடவில்லை. 2018-இல் பிரிட்டன் தனிமைத் துயரைக் கவனிப்பதற்கென்றே ஒரு மந்திரியிடம் பொறுப்பு ஒப்படைத்தது. பென்ஷன் பணம் அடுக்களைக்கு வரும். கட்டிலருகே வந்து உட்காராது. அது மெய்யே.

ஆனால் நம் வீட்டுக் கட்டிலருகே உட்காருவது யார் என்று கேட்டுப் பாருங்கள். குடும்பம் காக்கிறது என்னும்போது குடும்பம் என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பவள் மருமகள். அவளும் இல்லையேல் மணமாகாத மகள். படுக்கையைத் துவைப்பவளும், இரவில் எழுந்து வெந்நீர் வைப்பவளும், அதன்பொருட்டுத் தன் வேலையை விட்டவளும் அவளே. வேலையை விட்ட மாதத்திலிருந்து அவள் பெயரில் சேமநிதியும் ஏறுவதில்லை. மாமியார்க்கு அவள் செய்த பணிவிடை அவளுடைய முதுமைக்குக் காசாகத் திரும்புவதற்கு எந்தச் சட்டமும் இல்லை. பிள்ளையற்றவர் செய்தி இன்னும் கொடிது. தோட்டத்தில் ஓய்வு பெற்றவர் கம்பெனி வீட்டையும் காலி செய்ய வேண்டும். மகன் இருந்தால் பட்டணத்து அடுக்குமாடியில் ஒரு மூலை கிடைக்கும். இல்லாதவருக்குக் கீழ்நாட்டுப் பண்பு என்ன வைத்திருக்கிறது? இரத்த உறவு என்னும் மதிலுக்கு வெளியே நிற்பவர் அவர்.

இம்மதிலின் பேராபத்தை முன்பே கண்டு சொன்னது சுயமரியாதை இயக்கம். 1929-ஆம் ஆண்டு இறுதியில் ஈ.வெ. இராமசாமி மலாயாவுக்கு வந்தபோது, குடும்பத்தையும் குலத்தையும் கெடுக்கும் மேல்நாட்டுச் சரக்கு என்று அவ்வியக்கத்தைத் தூற்றியவர் பலர். சாதி பாராமல் தாமே துணை தேடிக்கொள்ளலாம், புரோகிதன் வேண்டாம் என்பன தனிமனிதனைக் குலக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுக்கும் கொள்கைகளே, ஐயமில்லை. தமிழ்நாட்டில் அத்திருமணங்களுக்குச் சட்ட ஒப்புதல் கிடைக்க 1967-இல் அண்ணாதுரையின் அமைச்சரவை வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயின் கூட்டத்திலிருந்து பிரிந்தவர் தனியராய் நின்றனரா? 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தைக் கண்டனர். சாதிக் கூட்டத்தை உதறியவரே அதனினும் பெரிய கூட்டத்தைக் கட்டினர்.

தோட்டப்புறத்திலும் ஒரு சான்று உண்டு. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். 1960-இல் வீ.தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பங்கு ஒன்று 100 ரிங்கிட். அதனை மாதம் 10 ரிங்கிட்டாகவும் கட்டலாம். அப்பணம் சேர்ந்து கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பெராக்கில் பால் வெட்டியவரின் பத்து ரிங்கிட், தாம் கண்டிராத கெடாத் தொழிலாளியின் வீட்டைக் காக்கவும் கூடும் என்பதே அதன் அமைப்பு. இக்கூட்டுறவு முறையும் 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஏழை நெசவாளர் முதலியோர் தொடங்கிய கடையின் வழிவந்ததே. மேல்நாட்டுச் சரக்கு என்று அன்று எவரும் பத்து ரிங்கிட்டைத் திருப்பி வாங்கிச் சென்றதாகத் தெரியவில்லை.

மலேசியாவில் பொதுப் பானை அறவே இல்லையென்பதும் சரியன்று. 1969-இன் சட்டப்படி ஏற்பட்ட தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதியில் எல்லோரும் கட்டுகின்றனர். வேலையில் கால் ஒடிந்தவர் பெறுகின்றார். ஒடிந்தவர் யார் மகன் என்று எவரும் கேட்பதில்லை. ஒடிந்த காலுக்குப் பொருந்தும் நியாயம் முதுமைக்கும் பொருந்தும் என்பதே என் கட்சி. மேலே சொன்ன 408 ரிங்கிட்டில் இருபதையேனும் பெயரில்லாத பொதுக் கணக்கில் சேர்த்து, சேமநிதி தீர்ந்த பின்னும் உயிரோடிருப்பவர்க்கு மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்க வழி செய்யலாம். இவ்வேற்பாடு வருமாயின், என் பணம் எதற்கு ஊரார் பெற்றோருக்குப் போக வேண்டும் என்று முதற்குரல் எழுப்புவோர் யார் என்பதைக் காண எனக்கு ஆவலாயிருக்கிறது. திருமண மண்டபத்தில் கைதட்டல் பெற்ற நண்பர்கள் சிலர் அவ்வரிசையில் நிற்கக் கண்டால் நான் வியப்படைய மாட்டேன்.