பானையில் போடாத வேர்

ஜூன் 12

ஆய்வுக்கு நிலம் எங்கே என்று வழிகாட்டி கேட்டபோது, யோசிக்காமல் எங்கள் நிலத்தையே சொல்லிவிட்டேன். வாணியம்பாடிப் பக்கம், பாலாற்றை ஒட்டி இரண்டு ஏக்கர். நான் ஏழாவது படித்த வருடம் நைனா அதில் கடைசியாக நெல் நட்டார். மேற்கே இருந்த தோல் பதனிடும் ஷாப்பின் கழிவு வாய்க்கால் எங்கள் வரப்பைத் தொட்டுக்கொண்டுதான் ஓடியது. ஷாப்பை மூடி வருடங்களாகிவிட்டன. வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. கோடையில் மட்டும் வரப்பெல்லாம் உப்புப் பூத்து வெளுத்துப் போகும்.

இன்று மண் எடுத்தேன். பதினைந்து செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, மண்வெட்டியின் இரும்பு பட்ட பக்கத்தை மரக்கரண்டியால் வழித்துத் தள்ளிவிட்டு, உள்மண்ணை மட்டும் பையில் போட வேண்டும். நைனா குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கெட்டுப் போச்சுன்னு எழுதித் தருவாங்க. அதான் எனக்கே தெரியுமே. நெல்லு எப்போ போடலாம்னு கேட்டுச் சொல்லும்மா."

ஜூன் 27

ஒரு பங்கு நைட்ரிக், மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்த ராஜ திராவகத்தில் மண்ணைக் கரைத்துப் பார்த்தால் மொத்தக் குரோமியம் தெரிந்துவிடும். ஆனால் மொத்தம் எவ்வளவு என்பதைவிட எந்த வடிவத்தில் என்பதுதான் முக்கியம். தோலைப் பதனிடப் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். பழைய முறையில் போட்டதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தோல் பிடிக்காமல் விட்டுவிடும், அது கழிவோடு வந்துவிடும். வந்தாலும் இந்த வடிவம் நீரில் எளிதில் கரையாது, மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடும் காற்றும் கூடினால் அதில் கொஞ்சம் ஆறு இணைதிறனுக்கு மாறுகிறது. அந்த வடிவம் கரையும், கிணற்றுக்கு இறங்கும், வேருக்குள் நுழையும், புற்றுநோயும் தரும்.

ஆறு இணைதிறனைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிது. மண் ஊறிய நீரை வடிகட்டி, அமிலம் சேர்த்து, டைஃபீனைல் கார்பசைடு சில சொட்டு விட வேண்டும். நாவல்பழம் தின்ற நாக்குபோல் நிறம் எழும். எங்கள் வயல் மண் எழுப்பிய நிறத்தைப் பார்த்த பிறகு பகல் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 28

நைனாவின் கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டேன். ஏக்கருக்குப் பதினைந்து செ.மீ. மேல்மண் சுமார் 800 டன். கிலோவுக்கு 500 மில்லிகிராம் குரோமியம் என்று வைத்தால் ஏக்கரில் 400 கிலோ. ஒரு செடி கிலோ உலர் எடைக்கு 50 மில்லிகிராம் உறிஞ்சி, ஏக்கருக்கு 4 டன் காய்ந்த விளைச்சலும் தந்தால், ஒரு போகத்தில் வெளியேறுவது 200 கிராம். 400 கிலோவை எடுக்க 2000 போகம்.

பென்சிலை வைத்துவிட்டேன்.

உலோகத்தை விரும்பி உறிஞ்சும் செடிகள் உலகில் இல்லாமல் இல்லை. நியூ கலிடோனியாத் தீவில் ஒரு மரம் இருக்கிறது. பட்டையைக் கீறினால் நீலப்பச்சைப் பால் வடியும், காய்ந்த பாலின் எடையில் கால்பங்கு நிக்கல். ஆர்செனிக்கை இலையில் சேர்க்கும் ஒரு பெரணியைப் பற்றி 2001இல் ஃபுளோரிடாவிலிருந்து எழுதினார்கள். குரோமியத்துக்கு அப்படி நம் வயலில் பயிராக்கத்தக்க செடி கிடையாது. சல்பேட் நுழையும் வாசல் வழியாகவே குரோமேட்டும் வேருக்குள் போகிறது. உள்ளே போனதும் மூன்று இணைதிறனாகி வேரிலேயே சிக்கிக்கொள்கிறது, தண்டுக்கு ஏறுவது சொற்பம். "செடி விஷத்தைத் தின்றுவிடும்" என்று மேடைகளில் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்பவர் நிலத்தை நம்பி உட்கார்ந்திருக்கிற விவசாயி.

ஆக, எடுத்துப் போடும் வேலை இல்லை இது. விஷத்தை எழுந்துவிடாமல் தூங்க வைத்து, தூக்கம் கலையாமல் காவல் இருக்கும் வேலை. நைனாவிடம் எப்படிச் சொல்வது?

ஜூலை 9

சொல்லவில்லை. நான்கு பாத்தி கட்டினோம். முதலாவதில் ஒன்றும் சேர்க்கவில்லை. இரண்டாவதில் மட்கிய தொழு உரமும் தென்னை நார்க்கழிவு மட்கும். மூன்றாவதில் அவற்றோடு சீமைக்கருவேலக் கரித்தூள். கரிமூட்டம் போடும் ஒருவரிடம் உதிரிக் கரியாக மலிவாகக் கிடைத்தது. மட்கில் இருக்கும் கரிமப் பொருளும் அதைத் தின்னும் நுண்ணுயிர்களும் ஆறு இணைதிறனை மூன்றாக இறக்கும். கரி தன் துளைகளில் கொஞ்சத்தைப் பிடித்து வைக்கும். நகரக் குப்பை மட்கு இலவசமாகவே தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். பேட்டரி, பெயின்ட் எல்லாம் கலந்த குப்பையில் ஈயமும் காட்மியமும் வரும். சோதிக்காமல் வாங்க மாட்டேன் என்றேன்.

நான்காவது பாத்தி நைனாவுடையது. பக்கத்து நிலத்து மாமா, "சுண்ணாம்பு போட்டா எந்த விஷமும் முறியும்" என்று சொல்லியிருக்கிறார். ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் அது சரி. அவை நேர் மின்னேற்றம் உள்ளவை, மண்ணின் காரம் ஏறினால் கட்டுப்படும். குரோமேட் எதிர் மின்னேற்றம். காரம் ஏறினால் மண் அதைப் பிடித்த பிடியை விட்டுவிடும். இதைச் சொல்லிப் பார்த்தேன்.

"ஒரு பாத்திதானே, போட்டுத்தான் பார்க்கலாமே" என்றார். சோதனை என்றால் அதுவும் ஒரு சோதனைதான். போடட்டும்.

உப்புக்கு ஜிப்சம் தனியாக. தோல் கெடாமலிருக்கத் தேய்த்த உப்பெல்லாம் இந்த மண்ணில்தான் வந்து சேர்ந்தது. ஜிப்சத்தின் சுண்ணகம் சோடியத்தை மண்ணிலிருந்து தள்ளும், தள்ளியதை மழைதான் கழுவ வேண்டும். குரோமேட்டையும் சேர்த்துக் கழுவி இறக்கிவிடக் கூடாது என்பதால், மட்கு முதலில், ஜிப்சம் பத்து நாள் கழித்து.

ஜூலை 24

கடலூர்க் கரையோர மணல் கிராமம் ஒன்றிலிருந்து வெட்டிவேர் நாற்று வந்தது. இலையைக் கத்தரித்து, தூருக்கு இரண்டு மூன்று தண்டாகப் பிரித்து நட்டோம். அம்மாவும் வந்தாள். மழைத் தூறல். வேர் மூன்று மீட்டர் வரை நேர் கீழே இறங்கும் செடி இது. மண்ணை அரிக்க விடாது, புழுதியாய்ப் பறக்க விடாது, எடுத்த குரோமியத்தில் பெரும்பகுதியை வேரிலேயே வைத்துக்கொள்ளும்.

ஆகஸ்ட் 28

1996இல் இதே தேதியில்தான் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் தீர்ப்பு சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. அசல் தீர்ப்பை முழுதாக இன்றுதான் வாசித்தேன். ஐந்து மாவட்டங்களில் 900க்கு மேற்பட்ட தொழிற்சாலைகள், ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போன நிலம் 35,000 ஹெக்டேர் என்று அதில் இருக்கிறது. மாசு செய்தவரே ஈடு தர வேண்டும், ஈடு என்பது ஆளுக்கு மட்டுமல்ல, கெட்ட இயற்கையைச் சீராக்கும் செலவும்தான் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தச் செலவு எவ்வளவு என்பதற்கு ஜப்பானைப் பார்க்க வேண்டும். ஜின்சு ஆற்றுப் படுகையில், சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் வயலில் இறங்கி, அரிசி வழியாக எலும்பு முறியும் நோயைத் தந்தது. கெட்ட மண்ணைக் கீழே தள்ளி நல்ல மண்ணை மேலே பரப்பும் வேலை 1979இல் தொடங்கி 2012இல் முடிந்தது. 33 வருடம்! நாங்கள் தொழு உரக் கூடையோடு நிற்கிறோம்.

அக்டோபர் 3

இன்று வீட்டில் பெரிய வருத்தம். வயலிலிருந்து வந்து மண்பானையில் தண்ணீர் மொண்டேன். வாசனை வந்தது. அடியில் புது வெட்டிவேர்.

"வரப்போரமா ஒரு தூரு சாஞ்சு கெடந்துச்சு. நல்லா அலசித்தான் போட்டேன்" என்றாள் அம்மா.

பானையைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டேன். வெயிலில் அவள் நடந்துபோய்ப் பிடித்து வந்த தண்ணீர். அவள் முகம் சுருங்கிப் போனது. உட்கார வைத்துச் சொன்னேன்: மண் அலம்பினால் போகும், வேருக்குள் இருப்பது போகாது. இந்த வேரை விற்கக் கூடாது, விசிறி பின்னக் கூடாது, அறுத்த தழையை மாட்டுக்குப் போடக் கூடாது, ஆடு உள்ளே நுழையக் கூடாது. ஜூன் மாதமே சொல்லியிருக்க வேண்டியது. எண்களை மட்டும் பார்த்துக்கொண்டு, பானையை மறந்துவிட்டேன்.

நைனா திண்ணையிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்போ நெல்லு?" என்றார். 2000 போகக் கணக்கை அப்போதுதான் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு எழுந்துபோய் முள்வேலிக்கு ஆள் சொல்லிவிட்டு வந்தார்.

நவம்பர் 30

மழை நின்று ஒரு வாரம். பாலாற்றில் இரண்டு நாள் தண்ணீர் ஓடியது, ஊரே போய்ப் பார்த்தது. நான்கு பாத்தியிலும் மண் எடுத்து, வீட்டுத் திண்ணையிலேயே நான்கு கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்தேன். நைனாவும் மாமாவும் அம்மாவும் பார்க்கத்தான்.

ஒன்றும் போடாத பாத்தி: ஜூனில் பார்த்த நாவல் நிறம், கொஞ்சம் குறைவாக. மட்கு: வெளிர் ரோஜா. மட்கும் கரியும்: உற்றுப் பார்த்தால்தான் நிறம். சுண்ணாம்புப் பாத்தி முதல் பாத்தியைவிட அடர்த்தி. மாமா குழாயை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் சொன்னதுதான் தப்பு" என்று நைனாவிடம் சொல்லிக் குழாயை வைத்தார். அவருடைய நிலத்துக்கும் மண் எடுத்துத் தருகிறேன் என்றேன்.

இது ஒரு பருவத்து நிறம்தான். மட்கு கரைந்து தீர்ந்தால், மண் காய்ந்து காற்று புகுந்தால், மாங்கனீசு மறுபடி வேலையைத் தொடங்கும். வருடா வருடம் தொழு உரம் போட வேண்டும், வருடா வருடம் இந்தக் குழாயை வைத்துப் பார்க்க வேண்டும். நான் படிப்பு முடித்துப் போனாலும் போட வேண்டும். மேற்குப் பாதி இனி வெட்டிவேரும் சவுக்கும்தான் என்று நைனா முடிவு செய்துவிட்டார். கிழக்குப் பாதியில் தையில் செண்டுமல்லி வைக்கலாமா என்று கேட்டார். பூவையும் ஒரு தடவை சோதித்துவிட்டு என்றேன், தலையாட்டினார்.

எல்லோரும் போன பிறகு மட்குப் பாத்திக் குழாயைக் கையில் எடுத்தார்.

"இந்தச் செவப்பு அடங்கினதே, கீழ போயிருந்தா? கெணத்துத் தண்ணியைப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது வரம்பு. அதை இந்தக் குழாய் நிறத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அலசி வைத்த பாட்டில் இரண்டு இருக்கிறது. விடியற்காலை பேருந்துக்கு முன் கிணற்றில் வாளி விட வேண்டும். நைனா கயிற்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்.