எக்ஸ்பி ஓடுற ஸ்டூடியோ

எங்க ஊர் மேட்டுப்பாளையத்துல ஒரு சின்ன ரெக்கார்டிங் ஸ்டூடியோ இருக்கு. ஆடிக் குண்டம் வந்தா வனபத்ரகாளியம்மன் பாட்டு, மத்த நாள்ல கல்யாண வீடியோவுக்கு மியூசிக். அங்கே இன்னைக்கும் விண்டோஸ் எக்ஸ்பிதான். 2014 ஏப்ரலோட மைக்ரோசாஃப்ட் கைவிட்ட அதே எக்ஸ்பி. நெட் கனெக்‌ஷன் கிடையாது. "மவுச மட்டும் தொட்டுப் போடாதீங்க கண்ணு" என்பார் ஸ்டூடியோ அண்ணன்.

புது கம்ப்யூட்டர் வாங்கிட்டா என்னன்னு கேக்கறீங்களா? வாங்கியாச்சு. பக்கத்து டேபிள்ல இருக்கு. பழைய பாட்டுதான் அதுல பாடாது.

1999ல ஸ்டெயின்பெர்க் கம்பெனி விஎஸ்டி-யோட ரெண்டாவது வெர்ஷனைக் கொண்டு வந்தப்போ, வாத்தியங்களே பிளகின் ஆயிடுச்சு. பாடினவங்க குரல் வேவ் ஃபைலா தனியா இருக்கும். ஆனா புல்லாங்குழலும் வயலினும் ப்ராஜெக்ட் ஃபைல்ல சத்தமா இருக்காது. எந்த சுரம், எவ்வளவு நேரம், எந்த பிளகின், அதுல எந்த நாப் எங்கே திருப்பியிருக்கு, அவ்வளவுதான் இருக்கும். சமையல் குறிப்பு மட்டும் இருந்து அடுப்பு இல்லாத கதை. 32 பிட் பிளகினை 64 பிட் சாஃப்ட்வேர் நேரடியா எடுத்துக்காது. நடுவுல பிரிட்ஜ் ஒண்ணு போட்டு, பிளகினைத் தனி ப்ராசஸா ஓட்டலாம். சிலது ஓடும், சிலது பாதிப் பாட்டுல படுத்துக்கும்.

பெரிய ஆளுங்களுக்கும் இது நடந்திருக்கு. ஏ.ஆர். ரஹ்மான் பயன்படுத்தினதால நம்ம பக்கம் பேர் வாங்கின லாஜிக்கைச் செஞ்ச இமேஜிக் கம்பெனியை 2002ல ஆப்பிள் வாங்குச்சு. விண்டோஸ் வெர்ஷன் அதோட நின்னு போச்சு.

எனக்கு இதுல வயித்தெரிச்சல் ஒண்ணு உண்டு. எங்க ஊர்ல இருந்து குன்னூருக்கு 1899லேயே மலை ரயில் போச்சு. அதுக்கு பொன்மலை ஒர்க்‌ஷாப்ல நம்ம காலத்துல புதுசாவே நீராவி இன்ஜின் செஞ்சு கொடுத்தாங்க. நூறு வருஷ இன்ஜினைத் திரும்பச் செய்ய முடியுது. இருபது வருஷ பிளகினை முடியலை, ஏன்னா சோர்ஸ் கோடு அந்தக் கம்பெனியோட போயிடுச்சு. அண்ணனோட வயலின் பிளகின் அப்படித்தான். காசு கொடுத்து வாங்கினது. லைசென்ஸ் சரிபார்க்கிற சர்வரே இப்போ இல்லை. ஒரு தடவை அழிஞ்சா திரும்ப இன்ஸ்டால் பண்ண வழியில்லை.

அதனால இந்த லீவுல நாங்க ஒவ்வொரு பாட்டா திறந்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி வேவ் ஃபைலா எடுத்துட்டு இருக்கோம். எஃபெக்ட்டோட ஒண்ணு, எஃபெக்ட் இல்லாம ஒண்ணு. மிடி ஃபைல் தனியா. பதினேழு முடிஞ்சது, முப்பது பாக்கி. ஹார்ட் டிஸ்க் போன மாசத்துல இருந்து 'டக் டக்'னு சத்தம் போடுது. அதை அப்படியே காப்பி எடுத்து வைக்கணும். சில பிளகின் டிஸ்க்கோட அடையாளத்தைப் பாத்துதான் திறக்கும்கிறதால, காப்பியில ஓடுமான்னு போட்டுப் பாத்தாதான் தெரியும்.

உங்க வீட்டுல பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க் சும்மா கிடந்தா சொல்லுங்க. 80 ஜிபி போதும்.