வீட்டில் பேசாத மொழி

உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள் பேசப்படுகின்றன. இவற்றுள் பல, அடுத்த தலைமுறையின் நாவுக்கு வந்து சேராமலே மறைந்து வருகின்றன. 2010 சனவரியில் அந்தமானில் போவா சீனியர் என்னும் மூதாட்டி காலமானார். ‘போ’ மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். தம் தாய்மொழியில் உரையாட ஒருவருமின்றி அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

‘கோடிக்கணக்கானோர் பேசும் தமிழுக்கு அந்த நிலை வராது’ என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். உலகில் தமிழ் வாழும், ஐயமில்லை. ஆனால், நம் வீட்டில் வாழுமா என்பதே கேள்வி.

மலாக்கா செட்டிகளை எண்ணிப் பாருங்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, அங்கேயே நிலைத்த தமிழரின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அவர்களுடையது. பொங்கல் கொண்டாடுகிறார்கள்; முன்னோரை வழிபடுகிறார்கள். ஆனால், வீட்டுமொழி மலாய் ஆகிவிட்டது. சமயமும் சடங்கும் நிலைத்தன, மொழி நிலைக்கவில்லை.

நம் ஜார்ஜ்டவுனிலும் இது நடந்துள்ளது. இங்கு வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் மலாய்ப் பெண்களை மணந்ததால் ஜாவி பெரானாக்கான் சமூகம் உருவானது. அக்குடும்பங்கள் பலவற்றிலும் சில தலைமுறைகளுக்குள் மலாயே வீட்டுமொழியானது. இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. எந்த மொழியை வீட்டில் புழங்குகிறோமோ அதுவே பிள்ளைக்குச் சேரும் என்பதற்கு இவை சான்றுகள்.

“வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறோம், டீச்சர். தமிழைத்தான் நீங்கள் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறீர்களே” என்று பெற்றோர் சிலர் என்னிடம் கூறுவதுண்டு. நம்பிக்கைக்கு நன்றி. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருமுறை குடும்ப மரம் வரையச் சொன்னேன். ஒரு மாணவி அத்தை, சித்தி, பெரியம்மா மூவரையும் ‘ஆண்டி’ என்றே எழுதினாள். அச்சொற்களை அவளால் பிழையின்றி வாசிக்க முடியும். தன் வீட்டில் யார் அத்தை, யார் சித்தி என்றுதான் தெரியவில்லை. அதைப் பாடநூல் எப்படிச் சொல்லும்?

1816இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகப் போற்றப்படுகிறது. இருநூறு ஆண்டுகளைக் கடந்த இக்கல்வி, எழுத்தையும் இலக்கணத்தையும் தரும். கொஞ்சல், கோபம், கேலி, ஆறுதல் ஆகியவற்றின் தமிழை வீடுதான் தர வேண்டும்.

ஆங்கிலமும் மலாயும் பிள்ளைகளுக்குத் தேவை. அவற்றைக் கைவிடச் சொல்லவில்லை. இரவு உணவு வேளையிலாவது தமிழில் பேசுங்கள். தாத்தா பாட்டியிடம் பிள்ளைகளைப் பேச விடுங்கள். அவர்கள் தவறாகப் பேசினால் சிரிக்காதீர்கள். ஆசிரியர்களாகிய நாமும் ஓய்வுநேரத்தில் மாணவரோடு தமிழிலேயே உரையாடுவோம்.