கரையில் நேர், கடலில் கோணல்

விசைப்படகின் எஞ்சினையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் எஃகுத் தண்டை உந்துதண்டு என்று எழுதலாம். இராமேசுவரம் கரையில் யாரும் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அங்கே அது ஷாஃப்ட். தமிழ் பயிற்றுவிக்கும் நாங்களும் படகோரத்தில் நிற்கையில் ஷாஃப்ட் என்றே சொல்கிறோம்.

2001இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடை, 2017 முதல் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாளாயிற்று. மீன்கள் இனம்பெருக்க வகுத்த அக்காலமே மரப்படகுகளுக்கு வைத்தியக் காலமும் ஆகும். 2018இல் எங்கள் குடும்பப் படகுக்குப் பலகைச் சந்துகளில் பஞ்சுத்திரி திணித்துக் கலப்பற்று அடித்து, கரைந்துபோன துத்தநாகக் கட்டியை மாற்றி (புரொப்பெல்லருக்கு வரவேண்டிய அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு தேய்வது அதன் தொழில்) நீரில் இறக்கும்போது தடை முடியும் தறுவாய். தச்சுவேலை அவ்வளவு இழுத்துவிட்டது.

"ரெண்டு நாள் ஊறட்டும் சம்மாட்டி, அப்புறம் கப்ளிங் பாப்போம்" என்றார் மெக்கானிக்.

"எல்லாரும் கெளம்புறாங்கண்ணே. கரையிலேயே பாத்தோமே, போதாதா?" என்றார் எங்கள் அண்ணன்.

அண்ணனின் அவசரத்திலும் நியாயம் இருந்தது. தடைக்குப் பிந்தைய முதல் பாடுதான் மடி நிறையும் பாடு. பழுதுபார்க்க வாங்கிய கடன் அதை நம்பியே நின்றது. ஆனால், கரையில் படகு சில கட்டைகளின் மேல் நிற்கிறது, நீரிலோ அடிப்பகுதி முழுவதும் தாங்கப்படுகிறது. காய்ந்த பலகை ஊறிப் பருக்கும். டீசல் நிரம்பினால் எடை இடம் மாறும். கரையில் பிடித்த நேர் அப்படியே நிற்பதில்லை.

மூன்றாம் நாள் காலை மெக்கானிக் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றினார். தாங்கலின்றித் தொங்கும் ஷாஃப்ட் பொய்யளவு காட்டும் என்பதால் முதலில் அதற்கு முட்டுக் கொடுத்தார். மேல், கீழ், இரு பக்கம் என நான்கு இடங்களில் ஃபில்லர் கேஜின் மெல்லிய தகடு நுழைந்து வெளிவந்தது. பிறகு ஷாஃப்டைக் கால் சுற்றுத் திருப்பி மீண்டும் அளந்தார். இடைவெளியும் கூடவே திரும்பினால் ஷாஃப்டோ கப்ளிங்கோ கோணல். அங்கேயே நின்றால் எஞ்சினின் இருப்புக் கோணல். அங்கேயே நின்றது. ஐந்து அங்குலக் கப்ளிங்குக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு வேறுபாடு வரை பொறுக்கலாம். எங்களுக்கோ அடிப்பக்கம் பன்னிரண்டு பங்கு விரிந்திருந்தது.

இந்தக் கோணலோடு ஓட்டினால் அதிர்வு பேரிங்கைத் தின்னும், கியர்பாக்ஸில் இறங்கும்; இழுவையின் நடுவே ஒருநாள் எல்லாம் நின்றுபோகும். வேறு கடலாக இருந்தால் இழுத்துவர இன்னொரு படகு வரும் என்று காத்திருக்கலாம். பாக் நீரிணையில் 1974இல் வரைந்த எல்லைக்கோடு பக்கத்திலேயே இருக்கிறது. நின்ற படகை நீரோட்டம் எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்பது அந்தக் கரையில் பிள்ளைகளுக்கும் தெரியும் அச்சம்.

எஞ்சினின் பின்கால்களுக்கு அடியில் தகடு தகடாக வைத்து, இறுக்கி, மறுபடி அளந்து, மீண்டும் தளர்த்தி, உச்சிவெயில் ஏறியபின்தான் வேறுபாடு நான்குக்கு வந்தது. புதிய பேக்கிங் கயிறு சுற்றிய கிளாண்டை ஒட்ட இறுக்கவில்லை; ஷாஃப்ட் சுழலும்போது சொட்டுச் சொட்டாக நீர் கசிந்தாக வேண்டும், இல்லையேல் கயிறு சூடேறி எஃகில் வரி விழும்.

முதல் பாட்டுக்குப் போன படகுகள் அதற்குள் இறால் இறக்கிக்கொண்டிருந்தன. அண்ணன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. டார்ச்சை அடித்து, கிளாண்டின் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.