சத்தக்காரப் பயல்களுள் ஒருவன்

சென்ற தவணை முடிவில் ஏழாம் வகுப்பு மாணவரின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘எனக்குப் பிடித்த பாடல்’ என்பது தலைப்பு. பெரும்பாலோர் சினிமாப் பாடல்களையும், சிலர் பக்திப் பாடல்களையும் பற்றி எழுதியிருந்தனர். மாணவி ஒருத்தி மட்டும், ‘தராசுக்கு வாய் இருக்கு, எங்களுக்கு இல்ல’ என்று தொடங்கும் பாட்டொன்றைப் பற்றி எழுதியிருந்தாள். ‘இந்தப் பாட்டை எழுதியவர் என் அப்பா. அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்’ என்று கட்டுரையை முடித்திருந்தாள். என் கையிலிருந்த சிவப்புப் பேனா, பழக்க தோஷத்தால், ‘இல்ல’ என்பதை ‘இல்லை’ எனத் திருத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பாட்டு எழுதப்பட்ட இரவை நான் நன்கறிவேன். எழுதிய கொப்பி என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது. ஆயினும் அச்சிறுமி எழுதியதைப் பொய்யென்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அது ஏன் என்பதைக் கூறவே இக்கட்டுரை.

2012 ஆம் ஆண்டில், கல்விக்குத் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 6 வீதம் ஒதுக்கவேண்டுமெனக் கோரிப் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதை ஆசிரிய நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்றுகொண்டிருந்த நான், ஹற்றன் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்துக்கு, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவுக்குத் திரும்பிவந்தேன். என்னோடு படித்த மூவரும் அப்போது அங்கே இருந்தனர். ஒருவன் கொழும்பிலே இரும்புக்கடையொன்றில் நான்காண்டு வேலைசெய்துவிட்டு, முதலாளியோடு முரண்பட்டு வந்திருந்தான். இன்னொருவன் முச்சக்கரவண்டி ஓட்டினான், வண்டி அவனுடையதன்று. மூன்றாமவன் தேயிலைத் தொழிற்சாலையிற் கொழுந்து வாட்டும் மாடியில் இரவு வேலை பார்த்தான்; அவன் தந்தையும் பாட்டனாரும் தப்பு அடித்தவர்கள்.

கொழும்பிலிருந்து வந்தவன் கொண்டுவந்த சொத்து இரண்டே: பழைய கிற்றார் ஒன்று, கைத்தொலைபேசி நிறைய இங்கிலாந்துப் பாட்டுக்கள். அப்பாட்டுக்கள் எங்கள் காதுக்கு முதலில் வெறும் கூச்சலாகவே பட்டன. ஒருவன் கத்துகிறான்; மற்றவர்கள் சேர்ந்து கத்துகிறார்கள்; இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. “இது பங்க் மச்சான். தெருவுல பொறந்த பாட்டு. மூணு கட்டை தெரிஞ்சாப் போதும், பாடலாம்” என்றான் அவன்.

அவன் சொன்னது மிகையன்று என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். 1976 ஆம் ஆண்டளவில் இலண்டனிற் பரவிய இவ்விசை, வித்துவத்தைத் தகுதியாகக் கேட்கவில்லை. 1977 இல் வெளிவந்த ஒரு சிற்றேடு கிற்றாரின் மூன்று சுரக்கூட்டுக்களைப் படமாக வரைந்து, இவற்றைக் கற்றுக்கொண்டு குழுவொன்றை அமையுங்கள் என்று வாசகரை ஏவியது. பங்க் இசை விரைவிலேயே நாகரிகக் கடைகளின் விற்பனைப் பொருளாயிற்று. அப்போது தொழிலாளர் குடியிருப்புக்களிலிருந்து, அதனினும் முரட்டுத்தனமான தெருப் பங்க் எழுந்தது. சௌத் ஷீல்ட்ஸ் என்னும் வடபுலத் துறைமுக நகரிலே தோன்றிய ஏஞ்ஜலிக் அப்ஸ்டார்ட்ஸ் குழுவின் பாடகர் சுரங்கத்திலே தொழில் பயின்றவர். பொலிஸ் காவலில் வைக்கப்பட்டபின் 1976 இல் இறந்துபோன மின்தொழிலாளி ஒருவரைப் பற்றியதே அக்குழுவின் முதற் பாட்டு. இவ்வகை இசைக்கு ‘ஓய்’ என்றொரு பெயரும் உண்டு. கிழக்கு இலண்டன் உழைப்பாளர் ஒருவரையொருவர் கூப்பிடும் சொல் அது. அதைக் கேட்டபோது நாங்கள் சிரித்தோம். எங்கள் மலைச்சரிவுகளிலும் ஒரு நிரையிலிருந்து மறு நிரைக்கு ‘ஓய்’ என்றுதானே கூப்பிடுகிறோம்!

இவ்வாறு நாங்கள் நால்வரும் ஒரு குழுவானோம். குழுவுக்குப் பெயர் வைக்கவில்லை. ‘சத்தக்காரப் பயல்கள்’ என்று லயத்தார் வைத்த பெயரே நிலைத்தது. மேளத் தொகுதி வாங்கப் பணம் ஏது? தப்புத்தான் எங்கள் மேளம். ஒலிபெருக்கி கோயிலுடையது. வண்டிக்காரனுக்குக் குரல் இருந்தது. பல்கலைக்கழகத்துக்காரனாகிய எனக்குச் சொற்களைத் தரும் பொறுப்பு வந்தது.

தப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தோட்டத்திலே அது சாவுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் உரிய கருவியன்று. விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக் களத்துக்கு அழைக்கவும் ஒருகாலத்தில் அதுவே அடிக்கப்பட்டது. எங்கள் பாட்டிமாரை வேலைக்கு விரட்டிய ஓசையைக் கொண்டே வேலையைப் பற்றிப் பாடுவது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. ஆனால், அடிக்குமுன் தப்பைத் தீயிற் காய்ச்சித் தோலை முறுக்கேற்ற வேண்டும். அந்த வேலையை எப்போதும் அவனே செய்தான். நாங்கள் மூவரும் அதைத் தொட்டதில்லை. ‘அதை நீ தொடாதே’ என்று என் தாயார் சிறுவயதிற் சொல்லிவைத்தது என் கையிலே இருந்திருக்க வேண்டும். சமத்துவத்தைப் பற்றிப் பாட்டெழுதிய நான், தீயருகே அவன் மட்டும் குந்தியிருப்பது ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

நான் எழுதிய முதற் பாட்டு எதுகை மோனையோடு சிறப்பாகவே அமைந்திருந்தது. ‘உதிரம்’ இருந்தது, ‘விடியல்’ இருந்தது, ‘வெஞ்சினம்’ கூட இருந்தது. தப்படிக்கும் நண்பன் இருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, “மச்சான், இதுக்கு ஒரு அகராதியும் சேர்த்துக் குடுக்கணுமே” என்றான். எனக்குக் கோபம் வந்தது. அன்றிரவு என் தாயார் மடுவத்திலிருந்து திரும்பி வந்தார். கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று மூன்று கிலோவைக் கழித்துவிட்டார்கள், குறித்த நிறை சேரவில்லை, அன்றைக்கு அரைப்பேர். இஸ்தோப்பிற் கூடையை இறக்கியவாறு அவர் சொன்னார்: “தராசுக்கு வாய் இருக்கு, எங்களுக்கு இல்ல.” தப்புக்காரன் உடனே அதைத் தாளத்திற் போட்டான். நான் கொப்பியை எடுத்தேன். மற்ற அடிகளும் அவ்வாறே வந்தன. ஒன்றை வண்டிக்காரன் சொன்னான். ஒன்று பக்கத்துக் காம்பராவிலிருந்து வந்தது. சிலவற்றை நான் சேர்த்தேன். ‘இல்ல’ என்பதை ‘இல்லை’ ஆக்கினால் தாளம் தட்டிற்று. ஆகவே அதை அப்படியே விட்டேன்.

அறுபதுகளின் முற்பகுதியில், பேச்சுத் தமிழைக் கதைகளில் எழுதிய முற்போக்கு எழுத்தாளரின் படைப்புக்களை ‘இழிசனர் இலக்கியம்’ என்று பண்டிதர் சிலர் பழித்ததையும், அதற்கெதிராக எழுந்த வாதங்களையும் விரிவுரை மண்டபத்தில் குறிப்பெடுத்துப் பரீட்சையிலும் எழுதியவன் நான். நான் முற்போக்காளர் பக்கமே நின்று எழுதினேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. ஆனால் என் தாயின் வாய்மொழியை என் கையால் எழுத நேர்ந்த அன்றுதான், என்னுள்ளே ஒரு பண்டிதர் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டேன்.

நாங்கள் ஏறக்குறைய இரண்டாண்டு பாடினோம். லயத்து வாசலிலும், கோயில் திருவிழா முடிந்த பின்னிரவிலும், இரண்டொரு மே தினத்திலும் பாடினோம். பாட்டுக்கள் நல்லவையா என்று கேட்டால், பல நல்லவையல்ல. கிற்றார் சுருதியில் நின்றதே குறைவு. ஆனால் ‘தராசுக்கு வாய் இருக்கு’ என்று வண்டிக்காரன் கத்தியதும், ‘எங்களுக்கு இல்ல’ என்று பெண்கள் திருப்பிக் கத்தினார்கள். தமக்கு வாயில்லை என்பதை அவர்கள் அத்தனை உரத்துச் சொன்னார்கள்! பாட்டைக் கருவியாகக் கொள்வது தோட்டத்துக்குப் புதிதுமன்று. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, தொழிலாளர் கூட்டங்களிலே தாமே பாட்டுக் கட்டிப் பாடியவர். 1940 இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டவர். நாங்கள் சேர்த்தது சத்தம் மட்டுமே.

சத்தம் தன்னளவில் முற்போக்கானது என்று நான் சொல்லவரவில்லை. அதே தெருப் பங்க் இசையைக் கேட்க வந்த கூட்டத்தினுள் நிறவெறியர் புகுந்ததும் வரலாறே. 1981 யூலை 3 ஆந் திகதி, ஆசிய மக்கள் செறிந்து வாழும் சவுத்தோலில், மதுச்சாலையொன்றில் அவ்விசைக் கச்சேரி நடந்தது. வந்த கூட்டத்தாற் பகுதி மக்கள் சினங்கொண்டனர். கலவரம் மூண்டு கட்டடம் தீக்கிரையாயிற்று. வறுமையின் கோபம் மேலிருப்பவனை நோக்கியும் திரும்பலாம். பக்கத்திலிருப்பவனை நோக்கியும் திரும்பலாம். எங்களிடமும் அயற்கிராமத்துச் சிங்களவரைத் தாக்கிப் பாடச் சொன்னவர் உண்டு. “அந்தக் கிராமத்துப் பொம்பளைகளும் இதே தராசுலதான் நிறுக்கிறாங்க” என்று தப்புக்காரன் அவர்களைத் திருப்பியனுப்பினான். அரசியல் வகுப்புக்குப் போனவன் நான். அதைச் சொன்னவன் அவன்.

2013 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 450 ரூபாவாக நிர்ணயித்தது. அதைப் பற்றியும் ஒரு பாட்டுப் பிறந்தது. அடுத்த ஆண்டு திருவிழாவில் அதையும் தராசுப் பாட்டையும் பாடினோம். இரண்டு நாட் கழித்து எங்களை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். நிறுவையைப் பற்றி அவதூறு பரப்பியது யார் என்பதே கேள்வி. “இதை எழுதினது யார்?” என்று மேசைக்கு அப்பாலிருந்தவர் கேட்டார், என்னைப் பார்த்தே கேட்டார். எனக்கு ஆசிரிய நியமனக் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அக்கடிதம் என் சட்டைப் பையிலே இருந்ததுபோல நெஞ்சு கனத்தது. நான் தரையைப் பார்த்தேன்.

“நான்தான் எழுதினேன்” என்றான் தப்புக்காரன்.

அவர் அதை நம்பினார். ஏன் நம்பினார் என்பது எனக்குப் பிற்பாடே விளங்கிற்று. பட்டதாரி ஒருவன் ‘இல்ல’ என்று எழுதுவான் என அவர் எண்ணியிருக்க மாட்டார். எந்த மொழியை எழுதக் கூசினேனோ, அந்த மொழியே என்னைக் காப்பாற்றியது. அவனுக்கு இரண்டு வாரம் வேலை நிறுத்தப்பட்டது. அப்போது அவன் மகள் கைக்குழந்தை.

வெளியே வந்ததும், “நீ ஸ்கூலுக்குப் போ மச்சான். நம்ம புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்க ஒருத்தன் வேணும்” என்றான். அதற்கப்பால் அவன் அதைப் பற்றிப் பேசியதேயில்லை. குழு அத்தோடு கலைந்தது. நான் நகரத்துக்குக் குடிபெயர்ந்தேன்.

நண்பர்களே, கோழைத்தனத்துக்குக் கல்வி செய்யக்கூடிய உதவி என்ன என்பதை நான் அனுபவத்தாற் கற்றேன். மக்கள் இலக்கியத்துக்குத் தனி ஆசிரியன் இல்லை. அது கூட்டுப் படைப்பு. ஆகவே அவன் எழுதினான் என்பதும் உண்மையே என்று நான் எனக்கே விரிவுரை நிகழ்த்திக்கொண்டேன். அக்கோட்பாடு பிழையன்று. பாட்டின் முதலடி என் தாயுடையது, தாளம் அவனுடையது. ஆனால் அந்த உண்மையை நான் நினைவுகூர்ந்தது புகழைப் பங்கிட வேண்டிய வேளையிலன்று. தண்டனையைப் பங்கிட வேண்டிய வேளையிலே.

2018 ஒக்டோபரில், நாட்சம்பளம் 1000 ரூபா வேண்டுமென்று மலையக இளைஞர் ஆயிரக்கணக்கில் கறுப்புடை அணிந்து காலிமுகத்திடலிலே திரண்டனர். ஆசிரியர் ஓய்வறையில் இருந்தவாறு அக்காட்சிகளைத் தொலைபேசியிற் பார்த்தேன். அடுத்தடுத்த நாட்களில் பழைய பங்க் இசையைப் பற்றித் தேடிப் படிக்கலானேன். அப்போதுதான் பிளெயர் பீச்சைப் பற்றி அறிந்தேன். நியூசிலாந்திற் பிறந்து, கிழக்கு இலண்டனிலே பள்ளி ஆசிரியராகக் கடமையாற்றியவர் அவர். 1979 ஏப்ரில் 23 ஆந் திகதி, அதே சவுத்தோலில், நிறவெறிக் கட்சியொன்றின் கூட்டத்துக்கு எதிரான ஆர்ப்பாட்டத்திலே தலையில் அடிபட்டு இறந்தார். அவரை அடித்தவர் பொலிஸ்காரர் ஒருவராகவே இருக்கக்கூடும் என்று கூறும் உள்ளக விசாரணை அறிக்கை 2010 இலேதான் வெளியிடப்பட்டது. இறக்கும்போது அவருக்கு 33 வயது. அவர் தெருவிலே நின்றது பிறருடைய பிள்ளைகளுக்காக. நானோ என்னுடைய தெருவைவிட்டு ஓடிவந்தவன்.

இனிக் கொப்பிக்கு வருவோம். என் திருத்தத்தை அடித்துவிட்டு, ‘இல்ல என்பதே சரி’ என்று ஓரத்தில் எழுதினேன். மறுஞாயிறு தோட்டத்துக்குப் போனேன். அவன் இன்னமும் அதே தொழிற்சாலையிலேதான் வேலைசெய்கிறான். கொப்பியைக் காட்டி, பதினோராண்டாகச் சொல்லாததைச் சொன்னேன். மகளிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றும், அலுவலகத்தில் நடந்ததை எழுதப் போகிறேன் என்றும் கூறினேன். அவன் சிறிதுநேரம் பேசவில்லை.

“எழுது. ஆனா, ஒங்க அம்மா சொன்னதையும் எழுது. அவங்க பேரை நாம ரெண்டு பேருமே சொல்லல்லயே” என்றான்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. என் தாயார் காலமாகி மூன்றாண்டு ஆகின்றது. அந்தப் பாட்டு அவருடையது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

மாலையில் வண்டிக்காரனும் வந்தான். கிற்றார்காரன் கட்டார் நாட்டிலே வேலைசெய்கிறான். அவனோடு தொலைபேசியிற் பேசினோம். அடுத்த மே தினத்துக்குப் பாடுவதென்று முடிவாயிற்று. தப்புக்காரன் உள்ளே போய்த் தப்பை எடுத்துவந்தான். பனியில் நனைந்து தோல் தளர்ந்திருந்தது. வாசலில் காய்ந்த தேயிலை மிலாறைப் போட்டு அவன் தீ மூட்டினான். பின்பு தப்பை என்னிடம் நீட்டி, “இந்தா வாத்தியாரே, நீ காய்ச்சு” என்றான்.

தீயருகே குந்தினேன். எவ்வளவு தூரத்திற் பிடிக்கவேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை. அவன் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் கிட்ட, சேர்” என்று சொல்லித்தந்தாள்.