பனியாற்றின் வரவு செலவு

ஜீப் டயரில் காற்று இறங்கிவிட்டால் நாம் என்ன செய்வோம்? "ஐயோ, பஞ்சர்!" என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்போம். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஜீப்பை வேண்டுமென்றே நிறுத்தி, நான்கு டயர்களிலும் காற்றைப் பிடுங்கிவிட்டு, "இனிமேல்தான் வண்டி சரியாக ஓடும், ஏறுங்கள்!" என்று சொன்ன ஓர் அம்மாளை நான் பார்த்தேன். பார்த்த இடம் ஐஸ்லாந்து, மாதம் பிப்ரவரி.

என் கல்லூரிச் சிநேகிதி ஒருத்தி கணவருடன் அந்நாட்டுத் தலைநகரான ரெய்க்யவிக்கில் குடியிருக்கிறாள். "வெயில் காலத்தில் எல்லாரும்தான் வருகிறார்கள். நீ குளிர்காலத்தில் வாடி, பனியாற்றின் மேலேயே ஜீப்பில் போகலாம்" என்று அழைத்திருந்தாள். பூகோளப் பாடத்தில் 'கிளேஸியர்' என்று நெட்டுருப் போட்டோமே, அதேதான். புடவைகளைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டேன். உருட்டிவிட்டால் உருண்டிருப்பேன்!

நாங்கள் ஆறு பேர், ஜீப் இரண்டு. முதல் ஜீப்பை ஓட்டியவர் ஐம்பது வயதான பள்ளிக்கூட ஆசிரியை. மலையில் வழி தவறியவர்களைத் தேடிப் போகும் தொண்டர் படையில் அவரும் ஒருவர். அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் பின்னால் இன்னொரு ஜீப்பில் வந்தார்கள். "பனியாற்றில் ஒற்றை வண்டியாக ஏறக் கூடாது" என்பது ஆசிரியை அம்மாளின் முதல் பாடம்.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். ஏழு மணி என்றால் நடுநிசி இருட்டு. சூரியன் உதிக்க ஒன்பதரை ஆகும். கடலுக்கு அடியில் 165 மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறும் ஒரு சுரங்கப் பாதை வழியாகப் போனோம். 1998-ல் திறந்தார்களாம். பொழுது விடிகிற சமயம், ஒரு வெந்நீர் ஊற்றின் அருகே நின்றோம். ஒரு விநாடிக்கு 180 லிட்டர் வெந்நீர் பூமியிலிருந்து குமுறிக்கொண்டு வருகிறது. உஷ்ணம் 97 டிகிரி! அதைக் குழாய் போட்டு 64 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர் வரை கொண்டுபோய் வீடுகளைச் சூடாக்குகிறார்கள். நம் வீட்டில் ஒரு வாளி வெந்நீருக்கு நடக்கும் போட்டியை நினைத்துக்கொண்டேன்.

ஹுசாபெல் என்ற இடத்தைத் தாண்டியதும் பாதையைப் பனி மூடியிருந்தது. அங்கேதான் காற்றைப் பிடுங்கும் வைபவம். ஒவ்வொரு டயரும் என் இடுப்பு உயரம். அவற்றில் இருந்த இருபத்தெட்டுப் பவுண்டுக் காற்றை நாலு பவுண்டுக்கு இறக்கினார். டயர் சப்பையாகி அகன்றது. மணலில் ஒட்டகத்தின் பாதம் புதையாமல் இருக்கிறதல்லவா? அதே தத்துவம்தான். பாரம் பரவுகிறது, வண்டி பனியில் அமிழாமல் மிதந்து போகிறது.

இன்னொரு செய்தி. ஐஸ்லாந்தில் பாதையை விட்டு இறங்கி வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். அங்கே எரிமலைக் கல்மீது படரும் பாசி மெத்தையில் ஒரு சக்கரத் தடம் விழுந்தால், அது ஆற எத்தனையோ வருஷங்கள் ஆகும். தரை உறைந்து அதன் மேல் பனி மூடியிருந்தால் மட்டும், அல்லது பனியாற்றின் மேல் மட்டும் விலக்கு உண்டு.

வலப்பக்கம் கவிழ்த்த வாணலி மாதிரி ஒரு வெள்ளை மலை தெரிந்தது. "இதுதானே நாம் ஏறப் போகும் பனியாறு?" என்று கேட்டேன்.

"இல்லை. அது செத்துப் போயிற்று" என்றார் ஆசிரியை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மலையின் பெயர் ஓக். அதன் உச்சியில் இருந்த பனியாறு ஓக்யோக்குல். அந்நாட்டு மொழியில் 'யோக்குல்' என்றால் பனியாறு. பனி கெட்டித்துப் பாளமாகி, தன் பாரத்தாலேயே மெல்ல நகர்ந்தால்தான் அது பனியாறு. ஓக்கின் பாளம் மெலிந்து நகரும் சக்தியை இழந்துவிட்டதால், அது இனிப் பனியாறு அல்ல என்று 2014-ல் விஞ்ஞானி ஒட்டுர் சிகுர்ட்சன் அறிவித்தார். பெயரிலிருந்த 'யோக்குல்' போய் வெறும் ஓக் மிஞ்சியது. 2019 ஆகஸ்டில் நாட்டின் பிரதம மந்திரியே வந்திருக்க, அங்கே ஒரு நினைவுப் பலகை பதித்தார்கள்.

"பார்த்தால் வெள்ளை வெளேரென்றுதானே இருக்கிறது?" என்றேன்.

"குளிர்காலத்தில் எல்லா மலையும் வெள்ளைதான். வீட்டுக் கணக்கு மாதிரிதான் இதுவும். குளிர்காலப் பனி வரவு. கோடையில் உருகுவது செலவு. வரவு மிஞ்சினால் பனியாறு வளரும். 1990-களின் நடுவிலிருந்து பெரும்பாலான வருஷங்களில் எங்களுக்குச் செலவுதான் அதிகம். சம்பள நாளன்று பார்த்தால் யார் கடனாளி என்று தெரியுமா?" என்றார்.

இடப்பக்கம் திரும்பி, லாங்யோக்குல் மேல் ஏறினோம். நாட்டின் இரண்டாவது பெரிய பனியாறு அது. கரையில்லாத வெள்ளைக் கடல். வானம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. உச்சி வரை போய், ஏலக்காய் மணக்கும் 'க்ளெய்னா'ப் பணியாரத்தைக் காப்பியுடன் சாப்பிடுவதாக ஏற்பாடு.

பாதி வழியில் பின் ஜீப்பின் டயர் ஒன்று வளையத்தை விட்டுக் கழன்றுவிட்டது. மண்டியிட்டுப் பனியைத் தோண்டி, ஜாக்கி வைத்து, காற்றடித்து அதைப் பழையபடி பொருத்த முக்கால் மணி ஆயிற்று. அதற்குள் காற்று கிளம்பியது. ஐந்தே நிமிஷத்தில் பின்னால் நின்ற ஜீப் கண்ணுக்கு மறைந்தது. நான் நீட்டிய கையின் விரல்கள் எனக்கே மங்கலாகத் தெரிந்தன!

"இன்னும் எட்டே கிலோமீட்டர்தானே!" என்றார் சிநேகிதியின் கணவர்.

ஆசிரியை அம்மாள் பதில் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார். வந்த தடத்தைக் காட்டிய கருவியையே பார்த்துக்கொண்டு, நடைவேகத்தில் இறக்கினார். சிநேகிதி என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. இரண்டு மணி நேரம் வண்டியில் ஒருவரும் பேசவில்லை. தரையில் சக்கரம் பட்டதும், "திரும்பி வராதவர்களைத் தேடி நான் போயிருக்கிறேன். பெரும்பாலும் அவர்களும் 'இன்னும் கொஞ்சம்தானே' என்று சொன்னவர்கள்தான்" என்றார்.

ஆறிப்போன காப்பியை ஹ்ரௌன்பொஸ்ஸார் அருவியின் எதிரில் நின்று குடித்தோம். எரிமலைக் கல்லின் அடியிலிருந்து, ஏறக்குறைய 900 மீட்டர் அகலத்துக்கு, நூறு நூறு தாரைகளாகத் தண்ணீர் கொட்டுகிறது. எல்லாம் லாங்யோக்குலிலிருந்து கல்லுக்கடியில் ஊறி வரும் நீர். அழகு சொல்லி முடியாது. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தபோது, செலவுக் கணக்கின் பக்கத்தைப் பார்க்கிறோம் என்ற எண்ணம் வந்தது. காலையிலிருந்து எங்கள் ஜீப்புகள் குடித்த டீசலும், நான் ஏறி வந்த விமானத்தின் புகையும் அதே பக்கத்தில்தான் எழுதப்பட வேண்டும். இதை ஒளிப்பானேன்?

விடைபெறும்போது அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் சிறுமியாக இருந்தபோது ஓக் ஆகஸ்டிலும் வெள்ளைக் குல்லாய் போட்டிருக்கும். நீங்கள் ஒரு தடவை ஆகஸ்டில் வாருங்கள். எது உயிரோடு இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்."

நான் இன்னும் போகவில்லை. மாதக் கடைசியில் கணக்கு நோட்டைப் பிரிக்கும்போதெல்லாம், வெள்ளை வெளேரென்று நின்ற அந்த மலை நினைவுக்கு வருகிறது.