உடைவதற்கென்றே ஒரு முனை

"ஒடையுறதுக்குன்னே யாராவது ஒரு சாமானைச் செய்வாங்களா?" என்று எமது இல்லாள் ஒருநாள் கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுக்களைத் தராசு அரைமணி நேரமாக எமது பின்கட்டு அறையிலே இருந்தது. நூலில் தொங்கிய ஒரு சிறு பையினுள் அவளுடைய அரிசியைப் பிடி பிடியாக இட்டு, ஒரு கண்ணாடிக் குழாய் எப்பொழுது முறியும் என்று நாமும் ஒரு மாணவனும் பார்த்துக்கொண்டிருந்தோம். முறிந்தபோதெல்லாம் இருவரும் மகிழ்ந்தோம். புறத்தே நின்று காண்பவர்க்கு இது பித்தர் செயலாகவே தோன்றியிருக்கும்.

நிகழ்ந்ததை முதலிலிருந்து கூறுதல் நன்று. பலாங்கொடையில் எமது வீட்டின் பின்கட்டிலே சிறியதொரு கடைசல் பொறியும், உலோகத்தைச் சீவும் மில்லிங் பொறி ஒன்றும் உள்ளன. இரண்டும் பிறர் பாவித்துக் கழித்தவை. சனிக்கிழமைகளில் மாணவர் மூவர் நால்வர் அங்கு வருவர். வேணியர் இடுக்கியையும் நுண்மானித் திருகுக்கணிச்சியையும் கொப்பியிலே படமாக வரைந்து புள்ளி வாங்கும் பிள்ளைகள், தம் கையாலே இரும்பைச் சீவி அளந்து பார்க்கட்டுமே என்பது எமது ஆசை.

ஓர் இரும்புக் கட்டையில் ஏற்கெனவே துளை ஒன்று இருக்கிறது. அதன் நேர் நடுவிலே வெட்டுக் கருவியை நிறுத்த வேண்டும். எவ்வாறு நிறுத்துவது? பொறியின் சுழல்தண்டிலே வெட்டுக் கருவிக்குப் பதிலாக ஓர் அளவுகருவியைப் பூட்டுவர். அதன் கீழ்நுனியில் சிறு குண்டு ஒன்று இருக்கும். குண்டு துளையின் சுவரைத் தொட்டதும், மேலேயுள்ள வட்ட முகப்பிலே முள் நகரும். மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கையும் அது காட்டிவிடும். இத்துணை நுண்ணிய கருவியைச் சிதைப்பதற்கு, கைச்சக்கரத்தை ஒரு சுற்று மாறித் திருப்பினாலே போதும். ஆதலின் இதனைச் செய்வோர் குண்டு பொருந்திய முனையை வேண்டுமென்றே நலிவாகச் செய்கின்றனர். மோதினால் முனை முறியும், கருவி பிழைக்கும். ஜேர்மானியர் இதற்கெனத் தனிச்சொல்லே வைத்துள்ளனர். 'முறியவேண்டிய இடம்' என்பது அதன் பொருள்.

எமது கருவியோடு வந்த முனை 2022ஆம் ஆண்டிலே முறிந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் ஒன்று, சில மாதங்களில் 360 ரூபாயைத் தாண்டிற்று. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலத்திலே, விரல்நுனி அளவான ஒரு முனையைப் பிறநாட்டிலிருந்து தருவிக்க எமக்கு மனம் வரவில்லை. நாமே எஃகில் ஒன்றைக் கடைந்தோம். அழகாக அமைந்தது, உறுதியாகவும் அமைந்தது. அவ்வுறுதியே பிழை என்பது அன்று தெரியவில்லை.

வந்த மாணவருள் ஒருவன் அருகிலுள்ள தோட்டத்துப் பையன். தந்தை தேயிலைத் தொழிற்சாலையிலே பொறி பழுதுபார்ப்பவர். தாய் கொழுந்து பறிப்பவர். கைவேலையில் அவனுக்கிருந்த நிதானம் எமக்கில்லை என்றே கூறலாம். ஆயினும் ஒரு சனிக்கிழமை அவன் சக்கரத்தை மாறித் திருப்பிவிட்டான். எஃகு முனை முறியவில்லை. கருவியின் உள்ளேதான் ஏதோ முறிந்தது. முள் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"கண்ண எங்க வச்சிருந்த?" என்று கேட்டுவிட்டோம். மற்றப் பிள்ளைகளின் முன்னிலையிலே கேட்டோம். அவன் விடை கூறவில்லை. அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. கல்லூரியில் எம்மைக் கண்டால் வேறு வழியாற் சென்றான்.

மூன்றாம் வாரம் அவனுடைய தந்தையார் வந்தார். உள்ளே வரும்படி இருமுறை அழைத்தும் வாசலிலேயே நின்றார். செய்தித்தாளில் மடித்த பொதி ஒன்றை நீட்டினார். பிரித்தபோது ஆயிரம் ரூபாய்த் தாள்கள் ஐந்து இருந்தன. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என 2021ஆம் ஆண்டிலேதான் நிர்ணயமாயிற்று. அப்பொதியில் இருந்தது அத்தாயார் ஐந்து நாட்கள் மலையேறிப் பறித்த கொழுந்து. மிகுதியை மாதாமாதம் தருவதாக அவர் கூறினார். எமக்கு நாவெழவில்லை.

பேச்சை மாற்றும் பொருட்டுக் கருவியைக் காட்டினோம். அவர் எஃகு முனையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இதுல ஒடையுற எடம் எங்க இருக்கு?" என்றார்.

நாம் விழித்தோம்.

"எங்க பெக்டரியில ஒரு மெசின்ல மெல்லிசா ஒரு பித்தளைப் பின் போட்டிருக்கு. இழுவை கூடினா பின் அறுந்துரும், பல்லுச்சக்கரம் தப்பிச்சுரும். அவசரத்துக்கு இரும்புல பின்னப் போட்டா, பின் தப்பிச்சுரும், சக்கரம் போயிரும்."

பட்டம் பெற்றுப் பல்லாண்டு பௌதிகம் கற்பித்த எமக்கு இது தெரியாததன்று. வீட்டு மின்சாரத்திலே பியூஸ் கம்பி எதற்கென்று ஆண்டுதோறும் வகுப்பிலே விளக்குகின்றோம். கம்பிக்குப் பதிலாக ஆணியை வைத்தவர் நாமே. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பிழை பையனுடையதன்று, எம்முடையது என்றோம். அவர் நம்பினாரோ அறியோம். கருவியை மாத்திரம் மடியிலே வைத்துக்கொண்டு சென்றவர், ஒரு வாரத்தின் பின் பழுது பார்த்துக் கொண்டுவந்தார்; மகனும் உடன் வந்தான். பழைய செம்மை முழுதும் மீளவில்லை. நூறில் இரண்டு பங்கு தடுமாற்றம் இன்றும் உண்டு.

நிற்க. நலிவான முனையைச் செய்தல் எளிதென்று எண்ணினோம், அவ்வாறில்லை. முதலிலே பித்தளையில் ஒரு முனை கடைந்து, கழுத்தை மெலிவித்தோம். அது மோதியபோது முறியாமல் வளைந்தது. வளைந்தது கண்ணுக்குப் புலப்படாத அளவே ஆதலால், அதைக் கொண்டே மேலும் மூன்று துளைகளின் நடுவைக் கண்டோம். மூன்றும் பிழை. முறிந்த முனை தன் நிலையை உடனே அறிவித்துவிடும். வளைந்த முனையோ வாய்திறவாமல் பொய் கூறும். அடுத்து நைலோன் திருகாணி ஒன்றை முயன்றோம். அது துவண்டது. தொடுந்தோறும் ஒவ்வோர் அளவைக் காட்டிற்று. வேண்டுவது விறைப்பும் வேண்டும், வளையாமல் சட்டென முறியவும் வேண்டும். அத்தகைய பொருள் எது?

"கண்ணாடி, சேர்" என்றான் பையன்.

இரசாயன ஆய்வுகூடத்திலே வாயுவைச் செலுத்தும் மெல்லிய கண்ணாடிக் குழாயைத்தான் அவன் கூறினான். அக்குழாயை வெட்டும் முறை மாணவர் யாவர்க்கும் தெரியும்: முக்கோண அரத்தால் ஒரு கீறல், பின் மெல்ல ஓர் அழுத்தம். கண்ணாடியின் வலிமையை மேற்பரப்பிலுள்ள நுண்கீறல்களே குறைக்கின்றன என்பதை ஏ. ஏ. கிரிபித் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1921ஆம் ஆண்டு வெளியான கட்டுரையிலே விளக்கினார். எமக்குப் பயன்பட்டதும் அதுவே. ஒரு கோலின் விட்டத்தைப் பாதியாக்கினால் வளைவைத் தாங்கும் வலிமை எட்டில் ஒன்றாகும். விறைப்போ பதினாறில் ஒன்றாகிவிடும். ஆகவே கோல் முழுவதையும் மெலிவித்தால் அது துவளும். ஓரிடத்திற் கீறினால் அவ்விடத்தில் மட்டும் வலிமை குறையும். விறைப்பு ஏறக்குறைய அவ்வாறே இருக்கும்.

இனி நுனிக் குண்டு. பெருந்தொழிற்சாலைகளின் அளவுகருவிகளிலே மாணிக்கக் குண்டு வைப்பர். கொன்கோர்ட் விமானத்தின் இயந்திரத்திலுள்ள எரிபொருட் குழாய்களை அளப்பதில் ஏற்பட்ட இடர்ப்பாட்டைத் தீர்க்க, ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனத்திலிருந்த டேவிட் மக்மேர்ட்றி தொட்டவுடன் சைகை தரும் கருவியொன்றை அமைத்தார். அதன் முனை எதிலேனும் பட்டதும் தாங்கிகளினின்று சற்றே விலகி, மின்சுற்றை முறித்து, பின் தன் இடத்திற்கே மீளும். அதனைச் செய்து விற்க 1973இல் எழுந்ததே ரெனிஷோ நிறுவனம். இக்கருவிகளின் நுனியிலுள்ள மாணிக்கம் நிலத்திலே அகழ்ந்ததன்று, உலையிலே விளைவித்தது. நீலமும் மாணிக்கமும் ஒரே கனியத்தின் இரு நிறங்கள். அக்கனியத்திற்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயரும் குருந்தம் என்னும் எமது சொல்லின் வழிவந்ததே. இரத்தினபுரி மாவட்டத்திலே இருந்துகொண்டு செயற்கை மாணிக்கத்தைப் பிறநாட்டாரிடம் வாங்குவதா என்று நகைத்தோம். நகைத்தோமேயன்றி, இயற்கை மாணிக்கத்தை வாங்கவும் எம்மிடம் பொருள் இல்லை.

சைக்கிளின் முன்சில்லிலே உள்ள எஃகுக் குண்டு எமக்குப் போதுமாயிருந்தது. அதன் விட்டம் அங்குலத்தின் பதினாறில் மூன்று பங்கு, அஃதாவது 4.76 மில்லிமீற்றர். 4 மில்லிமீற்றர்க் குழாயின் வாயிலே வைத்தால் அது தானே நடுவில் அமர்கிறது. குழாயாய் இருப்பதன் பயன் அதுவே. ஒருதுளி இருகலவைப் பசையால் அங்கேயே ஒட்டினோம். மறுநுனியை, கருவியின் புரிக்கேற்பக் கடைந்த பித்தளைக் குமிழிலே பதித்தோம். குமிழுக்குச் சற்றுக் கீழே குழாயைச் சுற்றி மெல்லிய அரக்கீறல். சிதறுந் துண்டுகள் பறவாதவாறு அதன்மேல் ஒட்டுநாடா ஒரு சுற்று. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியாமல் இவ்வேலையில் இறங்கலாகாது.

அரிசிப் பையின் கதை இங்கேதான் வருகிறது. கருவியின் வில்லை அசைக்க ஏறக்குறைய 100 கிராம் விசை போதும். நாம் செய்த பத்துக் குழாய்கள் 400 கிராமிலிருந்து 700 கிராமுக்குள் முறிந்தன. கீறலின் ஆழம் கைக்குக் கை மாறுவதால் இவ்வேறுபாடு. பையன் கீறியவை பெரும்பாலும் 500க்கு அண்மையில் முறிந்தன. எம்முடையவையே அங்குமிங்குமாய் அலைந்தன.

புதுமுனை பூட்டும்போதெல்லாம் சுழல்தண்டைக் கையாற் சுழற்றி, முள் அசையாதவாறு நடுவைச் சரிசெய்ய வேண்டும். பின் அளவு தெரிந்த கட்டையொன்றைத் தொட்டுச் சரிபார்க்க வேண்டும். கால்மணி நேர வேலை. விலையோ, கடைத் தேநீர் ஒன்றுக்குக் கொடுப்பதைவிட மிகாது.

முதலாவது கண்ணாடி முனையை முறித்தவன் அவனே. சத்தம் கேட்டதும் முகம் வெளிறி எம்மை நோக்கினான். கருவியின் முள் இயங்குகிறதா என்று பார்க்கும்படி மட்டும் கூறினோம். இயங்கிற்று. இப்பொழுது புதிய பிள்ளைகள் இருவர் வருகின்றனர். அவர்களுக்குக் கற்பிப்பவனும் அவனே. சென்ற சனிக்கிழமை அவர்கள் இரண்டு முனைகளை முறித்தார்கள்.

"இன்னும் நாலு கொழாய்தான் இருக்கு, சேர்" என்று கூறிவிட்டு அவன் அரத்தை எடுத்தான்.